ஏகாம்பரத்தை வீட்டுக்கு அனுப்பிய கதை

மனநல வார்டில் வேலைக்குச் சேரும் எல்லோரிடமும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வரும். "இன்னும் எத்தனை நாள் இருக்கணும் மேடம்?" நோயாளியின் மனைவி கேட்பார், மாமனார் கேட்பார், வாசலில் சவாரிக்கு நிற்கும் ஆட்டோக்காரர்கூடக் கேட்பார். பாடப்புத்தகத்தைக் கீழே வைத்த சூடு ஆறாத நீங்கள், நோயின் பெயரைச் சொல்லி, மருந்தின் பெயரைச் சொல்லி, இத்தனை வாரம் என்று ஒரு கணக்கும் சொல்லிவிடுவீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு பலித்து நான் பார்த்ததே இல்லை.

திருமுல்லைவாயில் பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் மருந்து எழுதுவார், சிஸ்டர் அதைக் கொடுப்பார், மிச்சம் இருக்கிற எல்லாம் என் மேஜைக்கு வரும். அந்த மிச்சத்துக்குத்தான் சமூகப் பணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளி வார்டில் எத்தனை நாள் இருப்பார் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அந்த மிச்சம்தான்.

ஆடி மாதம் பிறந்துவிட்டது, ஆவணியில் கூட்டிப் போகிறோம் என்று ஒரு குடும்பம் சொல்லும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று இன்னொன்று. பையனுக்குப் பிளஸ் டூ பரீட்சை, மருமகளுக்குத் தலைப்பிரசவம், சம்பந்தி வீட்டார் வந்து தங்கியிருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு மூன்று மகன்கள். மூவருமே நல்லவர்கள்தான். அழைத்துப் போக வேண்டிய முறை மற்ற இருவருடையது என்று மூவரும் நினைத்துக்கொண்டிருந்ததில் அந்த அம்மா எங்களோடு பொங்கல் வைத்தார். இதற்கு நேர்மாறும் உண்டு. தண்ணீர் லாரி வருகிற நாளில் குடம் தூக்க ஆள் இல்லை என்று பாதி வைத்தியத்தில் கணவனைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண்மணியை என்னால் மறக்க முடியாது. அந்த ஆளும் சந்தோஷமாகத்தான் போனார்.

இதையெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு போனால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரே ஒரு ஆளின் கதையைச் சொல்கிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், தேடிக்கொண்டு போகாதீர்கள்.

ஏகாம்பரம் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அரக்கோணம் பக்கத்து ஆள். வேலைக்கு வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். பேச்சில் நக்கல் அதிகம், கையில் வேலை அதைவிட அதிகம். அவருக்கு வந்தது மனம் கரை மீறிப் பொங்குகிற நோய். தூக்கம் போய்விடும், பேச்சு பெருகும், தன்னால் ஆகாத காரியமே உலகத்தில் இல்லை என்று தோன்றும். அது வெளிப்பட்ட இடம்தான் விசேஷம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெற்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கேட்டுக்கு வெளியே இருக்கும் மன்றத்தில் மேடை போட்டு, மாலை போட்டு, பேசத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பேசி முடித்தபின், ஓய்வு பெறுகிறவரைத் திறந்த ஜீப்பில் ஏற்றி, பேண்டு வாத்தியத்தோடு வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். அப்படி ஒரு நண்பரின் விழாவில், வாழ்த்திப் பேச மைக்கை வாங்கிய ஏகாம்பரம் அதைத் திருப்பித் தரவில்லை. கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பெயர் சொல்லிப் பதவி உயர்வு அறிவித்தார். பொது மேலாளரை மட்டும் பதவியிறக்கம் செய்தார். ஓய்வு பெற வந்தவரை இன்னும் சில வருடம் வேலை செய்யச் சொல்லி ஆணையிட்டார். ஜீப்பில் ஏற வேண்டியவர் ஒருவர், ஏறி வந்தவர் வேறொருவர். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லாததால் அவர்கள் எங்கள் மருத்துவமனைக்கு முந்தின திருப்பம் வரை வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். பிற்பாடு அவரும் இதைச் சொல்லிச் சிரித்தவர்தான். ஆனால் அன்று அவர் மனைவி சுலோச்சனா மருத்துவமனை வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அந்த வெட்கம் எவ்வளவு தூரம் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. தூக்கம் வந்தது, பேச்சு அளவுக்கு வந்தது, பொது மேலாளருக்கும் பழைய பதவி கிடைத்தது. பாடப்புத்தகப்படி அவர் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. ஏன் என்றால், எங்கள் வார்டுக்கு அவரை விட மனம் இல்லை.

தெளிந்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை. கிறீச்சிட்ட கதவுகள் வாயடைத்தன. சுற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. குளியலறை வாசலில் தினமும் நடக்கும் சண்டைக்கு அவர் தொழிற்சாலை முறையைக் கொண்டுவந்தார். ஏ ஷிப்ட் குளிக்கும்போது பி ஷிப்ட் இட்லி சாப்பிட வேண்டும், பிறகு மாற வேண்டும். வருடக்கணக்காக நாங்கள் கத்திக் கத்திச் சாதிக்க முடியாததை ஒரு விசில் சாதித்தது. வார்டு பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

"ஏகாம்பரத்துக்கு டிஸ்சார்ஜ் எழுதலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். இன்னும் படபடப்பு இருக்கு."

"எப்ப பாத்தீங்க?"

"நேத்து தண்ணி மோட்டார் நின்னுடுச்சு இல்ல, அப்போ."

"மோட்டார் நின்னா யாருக்குத்தான் படபடப்பு வராது?"

"எனக்கு வந்துச்சு மேடம். அதனாலதான் சொல்றேன், அவரை இப்ப அனுப்பாதீங்க."

நல்ல நோயாளி கிடைத்தால் வார்டு விடாது பிள்ளைகளே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு செய்கிறவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுவோம், அதற்கு ஆயிரம் மருத்துவக் காரணம் கிடைக்கும். உதவியாக இருப்பவரை வைத்துக்கொள்ளவும் அதே ஆயிரம் கிடைக்கும்.

ஒருவழியாக வீட்டில் இரண்டு நாள் இருந்து பார்க்கட்டும் என்று சனிக்கிழமை அனுப்பிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். கூட்டி வந்தவர் சுலோச்சனாவின் தம்பி தினேஷ். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கண் சிவந்து, தாடி வளர்ந்து, கையில் செல்போனோடு என் அறைக்குள் வந்தார்.

"மாமாவுக்குச் சரியாகல மேடம். நைட்டெல்லாம் தூக்கமே இல்ல. நாலரைக்கு எழுந்து நடமாடுறாரு."

ஏகாம்பரம் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்திருந்தார். "ஒம்பதுக்குப் படுத்தேன், நாலரைக்கு எழுந்தேன் மேடம். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அதான் பழக்கம். இவரு அமெரிக்காவுக்கு வேலை பாக்குறாரு, விடிய விடிய முழிச்சிகினு இருப்பாரு. இவரு தூங்கப் போற நேரத்துல நான் எழுந்துகிறேன். அது எனக்கு வியாதியாம்."

"அதுமட்டும் இல்ல மேடம். தனியா பேசுறாரு. வீடியோ எடுத்திருக்கேன், பாருங்க."

பார்த்தேன். அதில் ஏகாம்பரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, அதைச் செய்தவனையும் விற்றவனையும் வாங்கியவனையும் வரிசையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மிக்ஸிய திட்டாம ரிப்பேர் பண்ற ஃபிட்டரு எங்கயாவது கீறானா மேடம்?" என்றார் ஏகாம்பரம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று பணியில் இருந்த மருத்துவர் சிரிக்கவில்லை. வீட்டார் இவ்வளவு சொல்லும்போது அனுப்பிவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வைத்துக்கொண்டதற்காக யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை, அனுப்பியதற்காகத்தான் கேட்பார்கள்.

தினேஷ் போன பிறகும் ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை. நக்கல் எல்லாம் எங்கோ போயிருந்தது.

"மேடம், இந்த மாசக் கடைசில நான் ரிட்டயர் ஆவறேன். தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அன்னிக்கு நான் கேட்டுக்குள்ள போவணும் மேடம். போயி, என் மிஷின தொட்டுட்டு, அதே கேட்ல வெளிய வரணும். எவ்ளோ பேர ஜீப்ல ஏத்தி விட்டிருக்கேன். மாலை கூட வேணாம். ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துகினே ரிட்டயர் ஆனான்னு பேர் வரக்கூடாது. அத்த மட்டும் பாருங்க."

சட்டப்படி அவரே சம்மதித்துச் சேர்ந்தவர், அவராகவே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் எங்கே போவது? வீட்டுக் கதவைச் சட்டம் வந்து திறந்துவிடாது. வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்று வேண்டும், அதில் மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே நிற்க முடியாமல் திரும்பி வந்தவருக்கு எந்த மருத்துவரும் போட மாட்டார். மாதக் கடைசியோ வேகமாக வந்துகொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

எங்கள் தலைமை மருத்துவர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். எந்நேரமும் கடலை மிட்டாய் மென்றுகொண்டிருப்பார், அதனால் அவர் சொல்வது பாதி புரியாது. ஆனால் யாராவது வீட்டுக்குப் போக முடியாமல் சிக்கிக்கொண்டால் நோயைப் பற்றி அவர் பேசவே மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அன்றும் அதையே கேட்டார்.

"வீட்ல அவர் படுக்குற இடத்துல இப்ப யார் படுக்குறாங்க?"

தெரியாது என்றேன். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று இன்னொரு மிட்டாயைப் பிரித்தார்.

போனேன். இருட்டுகிற நேரத்தில் கதவைத் தட்டியதும் சுலோச்சனா வாயில் விரலை வைத்தபடி திறந்தார். "மெதுவா மேடம், தம்பி மீட்டிங்ல இருக்கான்" என்று கிசுகிசுத்தார். சிறிய வீடு. கூடத்தில் பெரிய மேஜை, சக்கரம் வைத்த நாற்காலி, இரண்டு திரைகள், முகத்துக்கு வெளிச்சம் அடிக்க வட்டமாக ஒரு விளக்கு. நடுவில் தினேஷ், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. நாங்கள் அவர் பின்னால் சுவரோடு ஒட்டி நடந்து சமையலறைக்குப் போனோம். அங்கும் அந்த அம்மா கிசுகிசுப்பாகவே பேசினார். கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டதாம்.

"குக்கர்கூட வைக்கிறதில்ல மேடம். விசில் சத்தம் அமெரிக்காவுக்குக் கேக்குதாம். சோறு வடிச்சுதான் எடுக்குறேன்."

"அவர் கட்டில் எங்கம்மா?"

சுலோச்சனா பின்பக்கம் கையைக் காட்டினார். பால்கனியில் அந்த இரும்புக் கட்டில் ஒருக்களித்து நின்றது. அதன் கால்களில் தினேஷின் பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன.

ரூம் கிடைக்கும் வரை ஒரு மாதம் இருக்கிறேன் என்று வந்த பையன். அக்கா சமையல், அக்கா காபி, துணியும் துவைத்துக் கிடைக்கிறது, எந்தப் பையன் ரூம் தேடுவான்? கெட்ட பையன் இல்லை, வசதி கண்டவன். மாமா வந்தால் கட்டில் உள்ளே வர வேண்டும், மேஜை வெளியே போக வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் மாமா தும்மினாலும் அது நோய்தான். பொய் சொல்லவில்லை அவன். அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தது.

"நீங்க தம்பிகிட்ட சொல்லலாமே?"

"பிறந்த வீட்ல இருந்து வந்தவனை எப்படி மேடம் போன்னு சொல்றது?" என்றவர், இன்னும் தணிந்த குரலில், "அதுமட்டும் இல்ல. அவரு வந்தா விழா வைப்பாங்க. மேடை போடுவாங்க. திரும்ப மைக்கைப் புடிச்சுட்டார்னா? அந்த ஜனங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? மாசம் முடியட்டும் மேடம், அப்புறம் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

ஆக ஏகாம்பரம் வார்டில் இருப்பதற்கு சிஸ்டருக்கு ஒரு காரணம், டாக்டருக்கு ஒரு காரணம், மச்சானுக்கு ஒரு காரணம், மனைவிக்கு ஒரு காரணம். நோய் ஒன்றுக்குத்தான் காரணம் எதுவும் மிச்சமில்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் தினேஷை உட்கார வைத்து ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வீர்கள். அவரும் ஒரு மணி நேரம் தலையாட்டுவார். நான் வேறு வழி பார்த்தேன். நம் ஊர் வார்டுகளில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் அல்லவா? அதுவரை வீட்டில் சமைத்து வைத்துவிட்டு ராத்திரிக்குச் சுலோச்சனாதான் வந்து இருந்தார். பக்கத்துப் பெஞ்சில் படுத்துப் படுத்து அவருக்கு முதுகு போய்விட்டது. தினேஷுக்குப் போன் செய்தேன்.

"உங்க மாமாவை உங்க அளவுக்கு யாரும் கவனிச்சுப் பாக்கல தினேஷ். நீங்க சொல்றது எல்லாம் எங்களுக்கு முக்கியம். இனிமே கூட இருக்குற ஆளா நீங்களே வந்துடுங்க."

புகழ்ச்சியா பொறியா என்று அவர் யோசிப்பது போனிலேயே கேட்டது. ஆனால் அக்கா முதுகை நினைத்தாரோ என்னவோ, மறுநாள் லேப்டாப்பும் காதில் மாட்டுகிற கருவியுமாக வந்து சேர்ந்தார். அதைச் சூழ்ச்சி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வார்டு விதி விதிதான்.

மதியம் ஏகாம்பரம் எங்கோ குழாய் பார்க்கப் போயிருந்தார். தினேஷ் அவருடைய கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, உள்ளூர் அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் பொழிய ஆரம்பித்தார். எங்கள் வார்டில் முருகேசன் என்று ஒருவர் இருந்தார். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், அடிக்கடி வந்து போவதால் வார்டுக்கே மூத்தவர். அவர் மெதுவாகக் கிட்டே போய் நின்றார்.

"இன்னா தம்பி, புச்சா வந்துகிறியா?"

தினேஷ் பேச்சை நிறுத்தாமல், பேசாதே என்று விரலை ஆட்டினார். முருகேசன் திரும்பி வந்து மற்றவர்களிடம் கவலையோடு சொன்னார். "பாவம்ப்பா, சின்ன வயசு. காதுல இன்னாத்தியோ மாட்டிகினு தானா பேசிகினு கீது. யாரும் சத்தம் போடாதீங்க, பயந்துக்கப் போவுது."

ஒருவர் தன் பங்கு பன்னைக் கொண்டுவந்து தினேஷ் பக்கத்தில் வைத்தார். இன்னொருவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். பேச்சு முடிந்து தினேஷ் கருவியைக் கழற்றிய நேரம், அந்த வாரம்தான் பணிக்கு வந்திருந்த பயிற்சி மருத்துவர் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், சிவந்த கண்ணைப் பார்த்தார், கனிவாக அருகில் உட்கார்ந்தார். நான் செவிலியர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நைட் தூங்கறதே இல்ல டாக்டர்."

"ராத்திரி என்ன பண்ணுவீங்க?"

"அமெரிக்காவோட பேசிட்டிருப்பேன்."

"ஓ. என்ன பேசுவாங்க?"

"அவங்களுக்கு ஏதாவது பிரச்சனைன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"நீங்க பேசலைன்னா?"

"அவ்வளவுதான் டாக்டர், எல்லாம் அப்படியே நின்னுடும்."

மருத்துவர் முகத்தில் அக்கறை கூடியது. "வீட்ல இருக்கிறவங்க எப்படி நடந்துக்கறாங்க?"

"என்னைப் பாத்தா யாரும் சத்தமாவே பேச மாட்டாங்க. எல்லாம் கிசுகிசுன்னுதான்."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் தினேஷுக்கு எங்கோ உறைத்தது. "டாக்டர், நான் பேஷண்ட் இல்ல!" என்று துள்ளி எழுந்தார்.

முருகேசன் ஆறுதலாக அவர் தோளில் கை வைத்தார். "மொத நாளு நாங்க எல்லாரும் அப்டித்தான் நைனா சொன்னோம். மாத்திரைய போட்டுக்க, சரியாப் பூடும்."

நான் உடனே போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அப்போது ஏகாம்பரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். அவர் மட்டும் மனது வைத்திருந்தால் அன்று தினேஷுக்கு ஊசியே விழுந்திருக்கும்.

"டாக்டர், இவரு என் மச்சான். எனக்குத் தொணைக்கு வந்துகிறாரு. நல்லாத்தான் கீறாரு. நான் கேரண்டி."

மருத்துவர் புன்னகையோடு தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. "நீங்க போய் உக்காருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, உறுதி செய்துகொள்ள என்னைக் கூப்பிட்டார். நான் சொன்னதும் நம்பினார். வார்டு முழுக்கச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தினேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமா உண்மையைத்தானே சொன்னாரு மேடம். டாக்டர் நம்பவே இல்லையே."

"ஆமா."

"நான் மிக்ஸி வீடியோ காட்டினப்போ நம்பினாங்க."

"ஆமா."

நான் வேறு எதுவும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பது மாதிரிக் கஷ்டமான வேலை கிடையாது, எனக்கு அது கைவந்த நாட்கள் மிகக் குறைவு. தினேஷ் உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு, வானகரத்தில் அலுவலக நண்பர்கள் ஒரு ஃபிளாட் எடுத்திருக்கிறார்கள், அதில் ஓர் இடம் இருக்கிறது, முன்பே கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை என்றார். அந்த வாரமே போய்விட்டார். போவதற்கு முன் பால்கனியிலிருந்த கட்டிலை அவரே உள்ளே தூக்கி வந்து போட்டாராம், சுலோச்சனா சொன்னார்.

அடுத்த முறை வீட்டுக்குப் போன ஏகாம்பரம் இரண்டு நாளும் இருந்துவிட்டு வந்தார். தலைமை மருத்துவர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். டிஸ்சார்ஜ் அன்று காலை ஸ்டெல்லா சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "போறதுதான் போறீங்க, அந்த பாத்ரூம் ஃபிளஷ்ஷை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க" என்றார். காலையில் கிளம்ப வேண்டியவர் சாயங்காலம் கிளம்பினார். எங்கள் வார்டில் கழிவறையால் டிஸ்சார்ஜ் தள்ளிப்போனவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் முடிந்தது என்று நான் காலை நீட்டி உட்கார்ந்த நேரத்தில் சுலோச்சனாவிடமிருந்து போன் வந்தது. மறுநாள் விழா.

"மேடம், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தத் தூக்க மாத்திரையைக் காலைல சேர்த்துப் போட்டுடட்டுமா? மேடையில கம்முனு உக்காந்திருப்பாரு இல்ல?"

போடுங்கள் என்று சொன்னால் பாதுகாப்பு. வேண்டாம் என்று சொல்லி அவர் மைக்கைப் பிடித்துவிட்டால், அந்தக் குவார்ட்டர்ஸில் அவர் பெயர் போய்விடும், என் பெயரும் போய்விடும். தலைமை மருத்துவரைக் கூப்பிட்டேன். மிட்டாய்க்கு நடுவே அவர் சொன்னது இது. "போட்டா மேடையில தூங்கி வழிவார். அதைப் பாத்தும் நோய்னுதான் சொல்லுவாங்க. அவரை அவராப் போக விடுங்க." சுலோச்சனாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன், போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தவர் என்று சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்த சுலோச்சனா, காலையில் அவர் கேட்டுக்குள் போய்த் தன் மிஷினைத் தொட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரர் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர் நின்றிருந்தார். அவர் கை ஸ்விட்சின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். ஏகாம்பரத்தை ஏற்புரைக்கு அழைத்தார்கள். மன்றத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. சுலோச்சனா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

ஏகாம்பரம் மைக்கை வாங்கினார். ஸ்விட்ச் மேல் இருந்த கையைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். போன தபா நான் குடுத்த ப்ரமோஷன் எல்லாம் இன்னியோட கேன்சல். இத்தினி வருசம் ஒண்ணா டிபன் பாக்ஸ் தொறந்து சாப்ட்டோம். அவ்ளோதான். நன்றி."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பொது மேலாளரே எழுந்து நின்று தட்டினார். ஜீப்பில் ஏற்றினார்கள், பேண்டு வாசித்தார்கள், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடைக்குப் போகும் அவருடைய கூட்டாளிகள் எல்லாம் ஆடிக்கொண்டே முன்னால் போனார்கள். வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஏகாம்பரம் மாலையைக் கழற்றாமல் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சுலோச்சனா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கிசுகிசுத்தார்.

"மேடம், மேடையில ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. கவனிச்சீங்களா? ஜீப்லயும் பேசல. இப்பவும் உம்முனு இருக்காரு. கண்ணு கலங்கியிருக்கு. டாக்டருக்கு ஒரு போன் போட்டுடட்டுமா?"

சொல்லும்போதே போன் கையில் இருந்தது. கூடத்திலிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது.

"சுலோ, ஆஸ்பத்திரில டாக்டரு ஒரு நாளைக்கு ஒரு தபாதான் பாக்க வருவாரு. இங்க நீ நாள் பூரா பாத்துகினே கீற. பேசினா ஜாஸ்தின்ற, பேசலன்னா கம்மின்ற." அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குக் காலைல எழுந்தா எனக்குப் போறதுக்கு எடம் இல்ல. அதுக்கு அழுவுறேன். ரிட்டயர் ஆனவன் எல்லாரும் அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அழுவுறான். என்னையும் அழ உடேன்."

எனக்கு நூறு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அத்தனையும் நல்ல வார்த்தைகள், பாடப்புத்தகத்தில் இருப்பவை. ஒன்றையும் சொல்லவில்லை. என் வேலையெல்லாம் அவரை அந்தக் கட்டில் வரை கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான், அதற்கு மேல் என் கையில் இல்லை.

சுலோச்சனா போனை அரிசி டப்பாவின் மேல் வைத்தார். கூடத்துக்குப் போனார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மாலை கசங்குவதைப் பார்க்காமல் அவரை ஒட்டி உட்கார்ந்தார். கிசுகிசுப்பாக இல்லை, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அழுங்க. நான் யாருக்கும் போன் பண்ண மாட்டேன்."

நான் காபி டம்ளரைத் தொட்டியில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.